திருவொற்றியூரில் கண்ணை மூடியவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

எங்க ஏரியாவில் இப்போது சுவருக்குச் சுவர் தியான நோட்டீஸ்தான். தேரடியில் ஆரம்பித்து எண்ணூர் ஹைரோடு நெடுக ட்யூஷன் சென்டர் போர்டு, பக்கத்திலேயே தியான வகுப்பு போர்டு. சில இடத்துல ரெண்டும் ஒரே போர்டு. தினம் இருபது நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்தால் பிள்ளைக்குக் கவனம் கூடும், ஞாபகசக்தி கூடும், புத்தி கூர்மையாகும், மார்க் ஏறும். கூட்டிக்கிட்டு வர்ற அப்பாவுக்கு டென்ஷன் குறையும். எல்லாத்துக்கும் கீழே ஒரு வரி: ‘நம் முன்னோர்கள் சொன்ன வழி’.

அந்தக் கடைசி வரிதான் எனக்கு உறுத்தல். எந்த முன்னோர்? திருவொற்றியூரில் இருந்துகொண்டு இதைத் தேட ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இந்தக் கடற்கரையில் ஆட்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டினத்தார் சமாதியே இங்கேதானே இருக்கு. அவங்க எதுக்கு உட்கார்ந்தார்கள், உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்று கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன்.

இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. மணலி - எண்ணூர் பக்கத்தில் ஒரு ஆலையில் கண்ட்ரோல் ரூம் ஷிப்டு பார்க்கிறவன் நான். வேலை என்னன்னு கேட்டா, திரையைப் பார்த்துக்கிட்டே இருக்கிறது. எட்டு மணி நேரத்தில் ஏழே முக்கால் மணி நேரம் ஒண்ணுமே நடக்காது. மிச்சம் கால் மணி நேரத்தில் நடப்பதைக் கவனிக்கத்தான் சம்பளம். அது எந்தக் கால் மணி நேரம் என்று யாருக்கும் தெரியாது :-). ராத்திரி மூணு மணிக்கு ஒரு எண் மெல்ல ஏறுவதைக் கவனிக்காமல் விட்டால் பாதிப்பு எனக்கு மட்டும் இல்லை, காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருக்கிற ஜனத்துக்கும் சேர்த்துத்தான். அதனால் ‘கவனம்’ என்பது எனக்கு வேதாந்தம் இல்லை. சோறு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

முதல் ஆள் ஒரு போர்வீரர். பேர் வல்லபன். பிறந்தது கேரளத்தில். நன்றாகப் படித்தவர். சோழ நாட்டுக்கு வந்து, பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தனிடம் படைத்தலைவராகச் சேர்ந்தார். 949ல் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தக்கோலத்தில் சோழர்களுக்கும் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்கும் பெரிய சண்டை நடந்தது. ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே செத்துப்போனான். வல்லபன் அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் இல்லை.

தலைவன் சாகும்போது கூட நின்று சாகவில்லையே என்ற நினைப்பு அந்த மனிதரைப் பிடித்துக்கொண்டது. கங்கைக்குப் போனார், குளித்தார். பிறகு நேராகத் திருவொற்றியூர். இங்கே நிரஞ்சன குரு என்பவரிடம் துறவு வாங்கி, சதுரானன பண்டிதர் என்ற பேரோடு மடத்தில் அமர்ந்தார். நான் கதை விடவில்லை சாமி, திருவொற்றியூர்க் கோயிலின் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று இதைச் சொல்கிறது. காலம் கி.பி. 959. இதில் வேடிக்கை, வேடிக்கை என்றால் வேதனையான வேடிக்கை, என்னவென்றால் அந்தக் கல்வெட்டு மூன்றாம் கிருஷ்ணனின் 20ஆவது ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. தக்கோலத்துக்குப் பிறகு தொண்டைமண்டலம் அவன் கைக்குப் போய்விட்டது இல்லையா? தன் தலைவனைக் கொன்ற படையின் ராஜா பேரைப் போட்டுத்தான் இவர் கல்வெட்டே ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஞாபகசக்தி கூட வேண்டும் என்று வந்த ஆள் இல்லை இவர். ஞாபகம் தாங்காமல் வந்தவர்.

வந்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்துவிடவும் இல்லை. அதே கல்வெட்டுப்படி, ஓர் ஊர்ச் சபையிடம் பொன்னை முதலாகக் கொடுத்து, அதன் வட்டியில் தன் பிறந்த நட்சத்திரமான அவிட்டத்தன்று கோயிலில் சிறப்புப் பூஜை நடக்க ஏற்பாடு செய்தார். அவருக்குப் பின்னால் மடத்துத் தலைவர்களாக வந்தவர்களும் அதே சதுரானன பண்டிதர் பட்டத்தோடு இருந்தார்கள். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் இங்கே கருவறை விமானத்தைக் கல்லால் எடுத்தபோது, வேலையைச் செய்வித்தவர் அந்தக் காலத்துச் சதுரானன பண்டிதர். கட்டிய தச்சர் பேர்கூட இருக்கிறது: ரவி என்கிற வீரசோழத் தச்சன். யானையின் பின்பக்கம் போல வளைந்திருக்கிற அந்த விமானத்தை இன்றைக்கும் பார்க்கலாம். கண்ணை மூடியவர்கள் கணக்கும் பார்த்திருக்கிறார்கள், கட்டட வேலையும் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது சங்கதி இதே கோயில் வளாகத்தில்தான். இங்கே வியாகரணதான மண்டபம் என்று ஒன்று இருந்தது. வியாகரணம் என்றால் இலக்கணம். பாணினியின் சமஸ்கிருத இலக்கணத்தைச் சொல்லிக்கொடுக்க ஏற்பட்ட மண்டபம். சிவன் பாணினிக்குப் பாடம் சொன்ன இடமே இதுதான் என்று இந்த ஊருக்கு ஒரு நம்பிக்கை. 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இந்தப் பள்ளி நடப்பதற்கு நிலம் விட்டதைச் சொல்கிறது.

பாணினி இலக்கணம் என்பது கிட்டத்தட்ட 4000 சூத்திரங்கள். ஒவ்வொன்றும் ரெண்டு சொல், மூணு சொல். முன்னால் வந்த சூத்திரத்தில் இருக்கிற சொல்லைப் பின்னால் வருகிற சூத்திரத்துக்கு மனசிலேயே கொண்டுபோக வேண்டும். நடுவில் கவனம் சிதறினால் அர்த்தம் அறுந்துவிடும். நம்ம கம்ப்யூட்டர் ஆளுங்களுக்குப் புரியும்படி சொன்னால், புரோகிராமை எழுதாமல் மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிற வேலை. மூளைப் பயிற்சி என்றால் இதுதான்.

நான் கவனித்தது இதைத்தான். ஒரே கோயிலில் ஒரு பக்கம் மடம், இன்னொரு பக்கம் இலக்கணப் பள்ளி. தியானம் செய்கிற இடம் இருக்கே, அதிலிருந்து படிப்பு உபரியாக வந்துவிடும் என்று யாரும் பள்ளிக்கூடத்தை விட்டுவிடவில்லை. யோசிக்கக் கற்றுக்கொடுக்கத் தனி மண்டபம், தனி வாத்தியார், அதுக்குத் தனியாக நிலம்.

நூல்களும் இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. பதஞ்சலியை எடுத்தாலும், நம்ம திருமூலரின் மூன்றாம் தந்திரத்தை எடுத்தாலும், எட்டு படி வரிசையில் ஆறாவது தாரணை, ஏழாவது தியானம், எட்டாவது சமாதி. மனசை ஒரு இடத்தில் கட்டி நிறுத்துவது தாரணை. நின்ற மனசு அறுபடாமல் ஓடுவது தியானம். நோட்டீஸில் ‘கவனம்’ என்று போடுகிறார்களே, அது தாரணை. அவங்க கணக்கில் அது நடுவழி ஸ்டேஷன். டெர்மினஸ் வேற. ‘புத்தி கூர்மை’ என்று ஒரு ஸ்டேஷன் அந்த லைனிலேயே இல்லை :-).

மூன்றாவது ஆள் நமக்கு எல்லாருக்கும் தெரிந்தவர். வள்ளலார். 1823ல் மருதூரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட, குடும்பம் பொன்னேரி வந்து, பிறகு சென்னைக்கு வந்தது. ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் வீடு. அண்ணன் படிக்க அனுப்பினால் பையன் கந்தகோட்டத்துக்குப் போய்ப் பாடிக்கொண்டு நிற்பான். அண்ணன் கோபித்துக்கொள்ள, அண்ணி சமாதானம் செய்துவைக்க, கடைசியில் மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள். அங்கே கண்ணாடி ஒன்றை வைத்து, விளக்கேற்றி, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அதில் தணிகை முருகன் தெரிந்தான் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. படிக்கிற வயசுப் பையன், புத்தகத்தை வைத்துவிட்டுச் சுடரைப் பார்த்து உட்கார்ந்தான். இன்றைய நோட்டீஸ்காரர்கள் போட்டோ போட வேண்டிய ஆளே இவர்தான்!

ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூருக்கு நடையாகவே வந்து போனவர். வடிவுடையம்மன் மேல் மாலை பாடியவர். 1856ல் ராயபுரம் ஸ்டேஷன் திறந்து ரயில் ஓட ஆரம்பித்தபோதும் அவர் இந்த ஊரில்தான் இருந்தார். 1858ல் சென்னையை விட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு வடலூர்.

அங்கே என்ன செய்தார்? 1867ல் முதலில் கட்டியது தியான மண்டபம் இல்லை. சத்திய தருமசாலை. சோறு போடுகிற இடம். ஞானசபை வந்தது 1872ல். நடுவில் ஐந்து வருஷம். பசி வந்தால் மனுஷனுக்கு அறிவு மங்கும், நினைப்பு தடுமாறும் என்று ஜீவகாருண்யம் பற்றி எழுதியதில் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பசியோடு இருக்கிறவனிடம் மனசை அடக்கச் சொல்லிப் பயன் இல்லை என்பது அடுப்பைப் பற்றவைத்தே அவர் சொன்ன பாடம்.

1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் அவர் பேசிய பேருபதேசத்தில் இன்னொன்றும் வருகிறது. காட்டுக்கும் மலைக்கும் போய் நூறு வருஷம் ஆயிரம் வருஷம் தவம் கிடப்பதைவிட, மனம் நெகிழ்ந்து விசாரம் செய்வது பல கோடி மடங்கு மேல் என்கிறார். விசாரம் என்றால் கேள்வி கேட்டு ஆராய்வது. சின்ன வயசில் விளக்கைப் பார்த்து உட்கார்ந்த அதே ஆள்தான் கடைசிக் காலத்தில், உட்காருவது வேற, விசாரிப்பது வேற, விசாரிப்பதுதான் பெரிசு என்று சொல்லிவிட்டுப் போனார். நோட்டீஸில் இதைப் போட மாட்டாங்க.

சரி, முன்னோர் கதை போதும், விஞ்ஞானம் என்ன சொல்லுது என்று கேட்பீர்கள். அதுவும் ஒரு வரலாறுதான்.

1961ல் டில்லி எய்ம்ஸில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் என்று மூன்று பேர் யோகிகளின் தலையில் கம்பி ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். யோகி ஆழ்ந்து இருக்கும்போது பளிச்சென்று விளக்கு அடித்தார்கள், சத்தம் போட்டார்கள், சூடான கண்ணாடிக் குழாயால் தொட்டார்கள். மூளை அலை அசையவில்லை. 1966ல் ஜப்பானில் கசமாட்சு, ஹிராய் என்ற இருவர் ஜென் துறவிகளை வைத்துச் செய்தபோது நேர்மாறாக வந்தது. ‘டிக்’ என்ற சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சாதாரண ஆட்களின் மூளை சீக்கிரம் பழகிப்போய்க் கண்டுக்காமல் விட்டுவிடும். ஜென் துறவிகளின் மூளை ஒவ்வொரு ‘டிக்’குக்கும் முதல் தடவை கேட்பது போலவே விழித்துக்கொண்டது. ரெண்டு பேரும் கண்ணு மூடித்தான் (ஜென்காரர்கள் பாதி மூடி) உட்கார்ந்தார்கள். ஒருத்தருக்கு வெளியே எதுவும் கேட்கவில்லை, இன்னொருத்தருக்கு எல்லாம் கேட்டது. ஆக தியானம் என்பது ஒரே சரக்கு இல்லை. எதைப் பழகுகிறோமோ அதுதான் வளருது. கண்ட்ரோல் ரூம்காரனுக்கு முதல் வகை வேண்டாம், ரெண்டாவது வகைதான் வேண்டும் என்பதையும் நோட் பண்ணிக்கொள்ளுங்கள் :-).

2007ல் அமெரிக்காவில் கொலராடோ மலையில் 60 பேரை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. மூணு மாசம், தினம் சுமார் ஐந்து மணி நேரம் தியானம். ஒரே மாதிரி கோடுகள் திரையில் வந்துகொண்டே இருக்கும், நடுவில் எப்போதாவது கொஞ்சம் குட்டையான கோடு வரும், அப்போது பட்டனை அழுத்த வேண்டும். இதைச் சுமார் அரை மணி நேரம் செய்ய வேண்டும். (படிக்கும்போது என் வேலையைத்தான் எழுதியிருக்காங்கன்னு நினைச்சேன்!) தியானம் செய்தவர்களுக்குக் கண் கூர்மையாகி, கவனம் நீடித்து நின்றது. ஏழு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் பழக்கத்தை விடாதவர்களிடம் அந்தப் பலன் கொஞ்சம் தங்கியிருந்தது. ஆக, கவனம் பழக்கத்தால் வளரும். இது உண்மை.

ஆனால் அது தினம் ஐந்து மணி நேரம். இருபது நிமிஷக்காரர்களுக்கு? 111 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து 2023ல் வந்த அலசல், பலன் உண்டு, ஆனால் சின்னதிலிருந்து நடுத்தர அளவுதான் என்கிறது. எட்டு வாரப் பயிற்சியில் மூளையின் அமைப்பே மாறுகிறது என்று ஒரு காலத்தில் பத்திரிகையெல்லாம் எழுதினார்கள். 2022ல் இருநூறுக்கு மேற்பட்டவர்களை வைத்து ஒழுங்காகச் சோதித்தபோது அப்படி மாற்றம் எதுவும் தெரியவில்லை. இருபது நிமிஷம் வீண் இல்லை. ஆனால் இரட்டிப்பு மும்மடங்கு என்பதெல்லாம் வியாபாரம்.

இன்னொரு பழைய ஆராய்ச்சியும் இருக்கு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் ஆட்கள் திரையில் தெரிகிற நீர்மூழ்கிகளைக் கவனிக்காமல் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க மேக்வொர்த் என்பவரைப் போட்டார்கள். அவர் 1948ல் எழுதியதன் சாரம்: அரை மணி நேரத்துக்கு மேல் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் கோட்டைவிடுவது கூடும். இது ஆளோட குறை இல்லை, வேலையோட தன்மை. அரை மணி பார்த்து, அரை மணி ஓய்வு என்று மாற்றிவிட்டால் கவனம் குறையாமல் நிற்கிறது. 1997ல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆராய்ச்சி இன்னும் பயங்கரம்: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் திறமை, ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம்ம நாட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வைத்த வரம்பு 0.03. ஆக, டபுள் டியூட்டி முடிக்கிற தொழிலாளி கணக்குப்படி குடித்தவனைவிட மோசமான நிலையில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நான் முன்னால் வேலை பார்த்த ஒரு இடத்தில் (பேர் வேண்டாம்) ஆள் பற்றாக்குறையால் வாரத்துக்கு ரெண்டு மூணு டபுள் டியூட்டி விழும். ‘கவனக்குறைவு அதிகமாயிடுச்சு’ என்று நிர்வாகம் எங்களுக்குத் தியான வகுப்பு வைத்தது. நைட் ஷிப்டு முடிந்து காலையில். மூச்சைக் கவனிங்க என்று வாத்தியார் சொன்ன ஐந்தாவது நிமிஷம் பின்வரிசையில் குறட்டை. வாத்தியார் பாவம் நல்ல மனுஷர், எழுப்பவில்லை. வெளியே வரும்போது சீனியர் ஒருத்தர் சொன்னார்: “தம்பி, கண்ணை மூடச் சொன்னாங்க, மூடினேன். தூக்கம்தான்பா வருது. உடம்பு கேக்கறது அதானே?” டபுள் டியூட்டி அப்படியே தொடர்ந்தது.

இதற்கும் ஒரு முன்னோர் கதை இருக்கிறது, இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பெரம்பூரில். நூறு வருஷத்துக்கு முன்னால் பின்னி மில் தொழிலாளிகள் சாயங்காலம் ஆன்மீகச் சொற்பொழிவு கேட்க ஒரு சபையில் கூடுவார்கள். ஸ்ரீவேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று பேர். அதை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும், சொற்பொழிவுக்கு வருகிறவர்களின் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் சங்கம் வைக்க முடிவு செய்தார்கள். தலைவராகக் கூப்பிட்டது பி.பி. வாடியாவை. அவர் அடையாறு பிரம்மஞான சபைக்காரர், அதாவது அவரும் தியான வகையறாதான். 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்வார்கள். அவர்கள் முதலில் கேட்டவற்றில் ஒன்று என்ன தெரியுமா? அரை மணி சாப்பாட்டு நேரத்துக்குள் வெளியே போய்ச் சாப்பிட்டுத் திரும்ப முடியவில்லை, கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்பது. நாற்பது நிமிஷமாக வாங்கினார்கள். பத்து நிமிஷம்!

சாமி பேச்சு கேட்க உட்கார்ந்தவர்கள், உட்கார்ந்த இடத்தில் யோசித்து, பத்து நிமிஷ ஓய்வைக் கேட்டு வாங்கினார்கள். வள்ளலார் சொன்ன விசாரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

நான் தியானத்துக்கு எதிரி இல்லை. ஷிப்டுக்குப் போவதற்கு முன் கால் மணி நேரம் நானும் உட்காருகிறேன். மனசு திரையை விட்டு எங்கேயோ போயிடுச்சு என்பது இப்போதெல்லாம் சீக்கிரமாகத் தெரிகிறது. திருப்பிக் கொண்டுவருகிறேன். அவ்வளவுதான் லாபம். என் வேலைக்கு அது பெரிய லாபம். ஆனால் நாலு மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டுப் போகிற நாளில் அந்தக் கால் மணி நேரம் என்னைக் காப்பாற்றுவதில்லை.

பிள்ளைக்கு ஞாபகசக்தி வேண்டும் என்றால் நல்ல வாத்தியாரும், காலைச் சாப்பாடும், ராத்திரித் தூக்கமும் கொடுங்கள். அதோடு உட்காரவும் பழக்குங்கள், நல்லது. ஆலையில் கவனம் வேண்டும் என்றால் ஷிப்டுக்கு ஆள் போடுங்கள், ஓய்வு கொடுங்கள். அப்புறம் தியான வகுப்பு வையுங்கள், முதல் வரிசையில் நான் உட்காருகிறேன். முன்னோர் சொன்ன வழி என்று போர்டு வைத்தால், முன்னோர் விட்ட நிலத்தையும் போட்ட சோற்றையும் கேட்டு வாங்கிய பத்து நிமிஷத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

நைட் ஷிப்டு பார்க்கிறவர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள், சிக்னல் பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்க கவனத்தை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று நாலு வரி எழுதுங்க. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.